ஆட்டோவும் கடைசிப் பாசுரமும்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பிறவிக் கோளாறு. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் எதையாவது நோண்டும். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை என்று ஒரு மெஷின் முன்னால் நிறுத்தினால் அவன் என்ன ஆவான்? நான் அப்படித்தான் ஆனேன்.

லேத் என்ற கடைசல் மெஷினில் இரண்டு விதமாக வேலை செய்யலாம். சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, இரும்பைச் சீவும் டூலை நகர்த்தலாம். இல்லாவிட்டால் ஒரு லீவரைக் கீழே தள்ளிவிடலாம். மெஷினே டூலை இழுத்துக்கொண்டு போகும். சுழலும் இரும்புத் தண்டின் மேல் டூல் ஒரே சீராக ஊர்ந்து, தோலை உரித்துக்கொண்டே நகரும். புத்தகத்தில் அதற்குப் பவர் ஃபீட் என்று பெயர். கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஷெட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 'ஆட்டோ போடு', 'ஆட்டோ எடு', அவ்வளவுதான். மூன்று சக்கர வண்டி என்று நினைத்துவிடாதீர்கள்.

நாங்கள் கடைந்த ஷாஃப்டுகளுக்கு ஒரு முனையில் தடித்த தோள் ஒன்று இருக்கும். ஆட்டோவில் ஊர்ந்து வரும் டூல் அந்தத் தோளில் போய் முட்டுவதற்குள் லீவரை மேலே தட்டி ஆட்டோவை எடுத்துவிட வேண்டும். மிச்சத்தைக் கையால் சுற்றி முடிக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் டூல் தோளுக்குள் பாய்ந்துவிடும். டூல் போச்சு, ஷாஃப்ட் போச்சு, உங்கள் மானமும் போச்சு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நீண்ட நேரம் இருக்கிறதே, ஆட்டோ போட்டதிலிருந்து எடுக்கிற வரைக்கும், அந்த நேரத்தில் ஒன்றும் செய்யக்கூடாது. பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். என் கை நிற்குமா? பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கும். தொட்டபோதெல்லாம் ஷாஃப்டின் பளபளப்பில் ஒரு வரி விழும்.

எங்கள் ஃபோர்மேன் ஆரம்பாக்கத்துக்காரர். பாதி தெலுங்கு, பாதி தமிழ், முழுக் கோபம். ஷெட்டில் எல்லோரும் அவருக்கு 'நைனா'தான். எனக்கு மட்டும் கூடவே இன்னொரு பெயரும் வைத்திருந்தார்.

"இன்னா அய்யரே, கை அரிக்குதா? அரிச்சா சொவுத்துல தேச்சிக்க. கடையற ஜாப்புல தேய்க்காத."

"அய்யர் இல்ல சார், அய்யங்கார்" என்பேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் நைனா. ரெண்டு பேரும் தயிர் சோறுதான துன்றீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு அது தெரியும், அதற்காகவே சொல்வார். ஷெட்டே சிரிக்கும். நான் போய்த் தேவையில்லாமல் டூலைக் கழற்றி மறுபடி தீட்டுவேன்.

நான் திருவள்ளூர்க்காரன். அப்பா கோயிலில் கோஷ்டியில் இருந்தார். பெருமாளுக்கு முன்னால் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்கார்ந்து பாசுரம் சொல்லுகிறவர்களுக்கு அந்தப் பெயர். சொல்வது என்றுகூட எங்கள் வீட்டில் சொல்லமாட்டோம், சேவிப்பது என்போம். அந்த வரிசையில் அப்பாவின் குரல் தனியாகக் கேட்கும். மழைக்காலத்தில் தேரடி வரைக்கும் கேட்டது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கும் சின்ன வயதிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். ஏறியதெல்லாம் சரி, உட்காரத்தான் முடியவில்லை. சம்மணம் போட்ட கால் தானாக ஆடும். அப்பா பாசுரத்தை நிறுத்தாமலே முழங்காலில் ஒரு தட்டு தட்டுவார். கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி ஆடும். எதிர் வரிசையில் இருக்கிற பெரியவர்கள் முறைப்பார்கள். போதுமடா சாமி என்று ஐ.டி.ஐ.யில் சேர்ந்து டர்னர் வேலை படித்தேன். நின்றுகொண்டு செய்கிற வேலை, சத்தம் உள்ள வேலை, யாரும் முழங்காலைத் தட்டாத வேலை. எனக்கு அதுவே சொர்க்கமாகப் பட்டது.

எழுபதுகளின் நடுவில் கல்கத்தா ரோடு ஓரமாகப் புதிது புதிதாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் சேர்ந்தேன். புதுவாயலில் ஒரு அறை. வார லீவுக்குப் பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறித் திருவள்ளூர் போவேன். போன அன்று மாலையே திரும்பி வந்துவிடத் துடிப்பேன்.

அப்படி ஒரு லீவில் போனபோது அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சளி என்று மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். சளி இல்லை. மெட்ராஸில் பெரிய டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் திரும்பாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் அந்தக் காற்றுக்குள் வார்த்தை இருக்கும்.

கோஷ்டியில் எங்கள் வீட்டுக்கென்று தலைமுறை தலைமுறையாக ஓர் இடம் இருந்தது. குரல் இல்லாதவர் அதில் எத்தனை நாள் உட்கார முடியும்? பங்காளி முறையில் ஒரு சித்தப்பா தன் பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உன்னைப் பர்மனென்ட் பண்ணிட்டாளா?"

"இன்னும் இல்லப்பா. ட்ரையல்லதான் இருக்கேன்."

"மார்கழி பொறக்கறதுக்குள்ள பண்ணிட்டா அங்கயே இருந்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பண்ணலைன்னா வந்துடு. நம்மாத்து எடம் போயிடப்படாது."

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிச்சல். அநியாயமாகப் பேசியிருந்தால் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் கம்பியில் இருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே வந்தேன். பர்மனென்ட் ஆகாவிட்டால் திரும்பவும் சம்மணம், திரும்பவும் ஆடுகிற கால், ஆயுசு முழுக்க.

பர்மனென்ட் பண்ணுவது முதலாளி. ஆனால் ஃபோர்மேன் சொன்னால்தான் பண்ணுவார். ஃபோர்மேனோ நான் கடைந்த ஷாஃப்டைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்தில் சாய்த்து வரிகளைத்தான் தேடுவார்.

"அளவு கரீட்டா இருக்குது. ஆட்டோல போட்டுட்டு கம்முனு நிக்கத்தான் தெரியல. ஒன்ன எப்டி நைனா பர்மனென்ட் பண்ண சொல்றது? ஒரே பேஜாரு."

திட்டினாலாவது பரவாயில்லை. அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கையைப் பின்னால் கட்டிப் பார்த்தேன். பாக்கெட்டில் விட்டுப் பார்த்தேன். பழைய துணியைக் கையில் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். சுழல்கிற மெஷின் பக்கத்தில் துணியா என்று அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கார்த்திகை பிறந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஆட்டோவைப் போட்டுவிட்டு நின்றபோது வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது. நான் நினைத்துச் செய்ததில்லை. மற்றவர்களுக்குப் பீடி இருந்தது, வெற்றிலை இருந்தது. எனக்கு இரண்டும் பழக்கமில்லை. உள்ளே கிடந்தது பாசுரம், அதுதான் வந்தது. சொல்லச் சொல்ல ஒன்றைக் கவனித்தேன். கை நின்றுவிட்டது! அட ராமா, என் கை! சொல்லி முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் டூல் தோளுக்கு ஒரு விரல் தூரத்தில் வந்திருந்தது. லீவரைத் தட்டினேன். கையால் சுற்றி முடித்தேன். துடைத்துப் பார்த்தால் ஷாஃப்டில் ஒரு வரி இல்லை.

எதை விட்டு ஓடி வந்தேனோ அதையே இங்கே கொண்டுவந்து சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டில் மூச்சுவிடவில்லை. ஆனால் வேலை நடந்தது. தினமும் அதே நீளம், அதே வேகம். ஒரு பத்துப் பாசுரத்தை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகச் சொன்னால் டூல் சரியாக அந்த இடத்துக்கு வந்து நிற்கும். சூடு தணிய மேலே ஊற்றுகிற வெள்ளைத் தண்ணீரும் சுருள் சுருளாக விழுகிற இரும்புப் பிசிரும் தோளை மறைத்துவிடும். குனிந்து குனிந்து பார்ப்பதைவிட இதுவே சௌகரியமாக இருந்தது.

ஃபோர்மேன் இரண்டு நாள் தூரத்திலிருந்து பார்த்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து என் வாயருகே காதை வைத்தார்.

"இன்னா இது, மெஷினுக்குப் பூசையா?"

"இல்ல சார். கை சும்மா இருக்கறதுக்கு."

ஷாஃப்டை வெளிச்சத்தில் சாய்த்தார். கட்டை விரலால் நீவினார். "எதுனா சொல்லிக்கோ. வரி உழல. எனக்கு அது போதும்" என்றார். அந்த வார லீவுக்கு முன்னால் அவரே கூப்பிட்டுச் சொன்னார். "வர்ற வெள்ளிக்கெழம மொதலாளி வராரு. காலைல ஒரு ஷாஃப்டு தரேன். நானே பக்கத்துல நிப்பேன். சுத்தமா போட்டுக் குடு, அன்னிக்கே பேசி முடிச்சிடறேன்."

ஊருக்குப் போனபோது வீட்டில் வெள்ளிக்கிழமை விஷயத்தை மட்டும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஷாஃப்டை மாட்டிவிட்டு டூலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், ஷெட் வாசலில் அப்பா நிற்கிறார். பஞ்சகச்சம், பளிச்சென்று திருமண், கையில் வாழை இலைப் பொட்டலம். முதல் பஸ்ஸுக்கே கிளம்பியிருக்க வேண்டும். வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டிருக்கிறான். ஃபோர்மேன் பீடியைக் காலால் தேய்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"குந்துங்க சாமி. டீ சொல்லட்டா?"

அப்பா கையால் வேண்டாம் என்றார். என் மெஷினுக்கு எதிரே ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்? நான் சரியாகச் செய்கிறேனா என்று பார்க்க வந்தாரா, தவறுகிறேனா என்று பார்க்க வந்தாரா? கேட்கவும் முடியாது. கேட்டாலும் அந்தச் சத்தத்தில் அவர் சொல்வது காதில் விழாது.

"ஆவட்டும் நைனா" என்றார் ஃபோர்மேன்.

மெஷினை ஓட்டினேன். டூலைத் தொட வைத்தேன். லீவரைக் கீழே தள்ளினேன். ஆட்டோ பிடித்தது. வாய் ஆரம்பித்தது.

கோஷ்டியில் எதிர் வரிசையைப் பார்த்தபடி ஆயுசைக் கழித்தவர் அப்பா. அங்கே ஒரு வரிசையின் உதடு மூடுவதைப் பார்த்துத்தான் அடுத்த வரிசை எடுக்கும். காதில் விழாவிட்டாலும் உதட்டைப் பார்த்தே எந்தப் பாசுரம், எந்த அடி என்று அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கும் தெரிந்துவிட்டது. முதலில் அவர் புருவம் ஏறியது. பிறகு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அவர் உதடும் அசைய ஆரம்பித்தது.

நான் டூலைப் பார்த்திருக்க வேண்டும். அவரையே பார்த்தேன். குரல் போனதிலிருந்து அவர் எங்கள் கண் முன்னால் ஒரு பாசுரத்துக்குக்கூட வாயைத் திறந்ததில்லை. இங்கே, இரும்புச் சத்தத்துக்கு நடுவில், யாருக்கும் யாருடைய குரலும் கேட்காத இடத்தில், என்னோடு சேர்ந்து சேவித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பாசுரம் முடிந்தது. என் கை லீவருக்குப் போய்விட்டது.

கோயிலில் கடைசிப் பாசுரத்தை இரண்டு தடவை சேவிப்பது வழக்கம். மெஷினில் நான் ஒரு தடவைதான் சொல்வேன். தோள் வந்துவிடும். அது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் எப்போதும் செய்வதுபோலத் தலையை லேசாகச் சாய்த்து, கண்ணால் எனக்கு ஜாடை காட்டி, இரண்டாம் தடவையை எடுத்தார். அவர் எடுத்தால் நான் தொடர வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். கை லீவர் மேலேயே நின்றது. வாய் அவர் பின்னால் போய்விட்டது.

முதல் அடி முடிவதற்குள் டூல் தோளுக்குள் பாய்ந்தது. டமாரென்று ஒரு சத்தம். ஷாஃப்ட் துள்ளியது, பெல்ட் வழுக்கிக் கத்தியது, உடைந்த டூல் முனை என் காதோரமாகப் பறந்தது. ஃபோர்மேன் பாய்ந்து ஸ்விட்சைத் தட்டினார். அக்கம்பக்கத்து மெஷின்களையும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுப் பார்க்க வந்துவிட்டார்கள்.

அந்த அமைதியில் நான் கத்தினேன்.

"ஒருதரம்தான்ப்பா! இங்க ஒருதரம்தான் சொல்லணும்! யாரு உங்களை வரச் சொன்னா? இதுக்குத்தான் வந்தேளா? இப்போ சந்தோஷமா?"

அப்பா எழுந்து நின்றார். அவர் உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோகவில்லை. பொட்டலத்தை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, இரும்புத் துகளுக்கு நடுவில் வெறுங்காலைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"அதின்னா ஒருதபா, ரெண்டுதபா?" என்று கேட்டார் ஃபோர்மேன்.

சொன்னேன். கோஷ்டி, கடைசிப் பாசுரம், அப்பாவின் தொண்டை, மார்கழி, எல்லாவற்றையும் ஆத்திரத்தில் கொட்டித் தீர்த்தேன். அவர் குனிந்து ஷாஃப்டின் தோளில் விழுந்த பள்ளத்தை விரலால் தொட்டார்.

"ஒம்மேல தப்புன்னும் சொல்ல முடியல. அவுரு மேலயும் சொல்ல முடியல. ஆனா ஷாஃப்டு பூட்ச்சே நைனா." அவரே போய் மூலையிலிருந்து இன்னொரு தண்டைத் தோளில் தூக்கி வந்து தடாலென்று போட்டார். "மொதலாளி மத்தியானந்தான் வராரு. இத்த போடு. வாயத் தொறந்தேன்னு வெச்சிக்கோ, நேரா கேட்டுக்கு வெளிய உட்டுடுவேன்."

இரண்டாவது ஷாஃப்டை எப்படி முடித்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆட்டோ பிடித்ததும் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். கை துடித்தது. கால் துடித்தது. உள்ளங்கால் தரையில் பாவவில்லை. உள்ளே பாசுரம் தானாக எழும்பும், எழும்பியதும் அப்பாவின் முகம் வரும், உடனே அதை அமுக்குவேன். ஃபோர்மேன் ஷாஃப்டைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன். டூல் நகர்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. தண்ணீரைக் கையால் விலக்கி விலக்கித் தோளைப் பார்த்தேன். பார்க்கும் போதெல்லாம் அது தூரத்திலேயே இருந்தது. கடைசியில் போதும், இனி என்னால் ஆகாது என்று தோன்றிய இடத்தில் லீவரைத் தட்டிவிட்டேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம். மிச்சத்தைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றினேன்.

அவர் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். விரலால் நீவினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ம். ஆச்சு. நீ பர்மனென்ட்டு. மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்." நான் அசையாமல் நின்றதைப் பார்த்து, "இன்னா மரம் மாதிரி நின்னுக்கினு கீற? ஓடு. போயி அந்தப் பெரியவரப் பாரு. பஸ்ஸு வந்துடப் போவுது" என்று பிடித்துத் தள்ளினார்.

ரோட்டுக்கு ஓடினேன். அப்பா பஸ் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. பக்கத்தில் போனதும் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"பர்மனென்ட் பண்ணிட்டாப்பா."

தலையை ஆட்டினார். உதடு அசைந்தது. இந்தத் தடவை காதைக் கொண்டுபோனேன்.

"நீ எல்லாத்தையும் மறந்துட்டேன்னு நெனச்சிண்டிருந்தேன்டா."

என் கால் ரோட்டோரக் கல் ஒன்றை நோண்டிக்கொண்டிருந்தது.

"எடத்தைச் சித்தப்பா பிள்ளைக்கே குடுத்துடச் சொல்லிடறேன். நீ இங்கயே இரு."

கேட்டது கிடைத்துவிட்டது. அந்த மார்கழியிலிருந்து யாரும் என்னைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்ல மாட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியவன், சின்னக் குழந்தை சாக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"மெஷின்ல ஒருதரத்துக்கு மேல சொல்ல முடியாதுப்பா. தோள் வந்துடும்."

"தெரியறது" என்றார். தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்து வேஷ்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, காதுக்குள் சொன்னார்.

"நீ ஒருதரம் சொல்லு. ரெண்டாவது தரத்தை ஆத்துல நான் சொல்லிக்கறேன்."

காற்றுதான் வந்தது. பஸ் நின்றது, அவரை ஏற்றிக்கொண்டு புதுவாயல் பக்கம் போனது. கிரீஸ் அப்பிய கையோடு ரோட்டோரத்தில் நின்று அழுதேன்.